பழனி வீட்டுக் கொசுக்கள்

குழாய்க்குள் இருபத்தைந்து கொசுக்கள். டிடிடி கொசுமருந்து தடவிய தாளோடு ஒரு மணி நேரம் அடைத்து, பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி ஒரு நாள் ஆகிவிட்டது. ஜகதீசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினான். செத்தது மூன்றே மூன்று.

"பொழைச்சே மாப்ளே."

எதிரே ஸ்டூலில் பழனி. ஜகதீசனின் மனைவிக்குத் தம்பி. வீட்டுச் சுவர்களுக்குக் கொசுமருந்து அடிப்பவன். மருந்தில் தண்ணீரை ஊற்றிவிட்டான், அதனால்தான் தெருவெல்லாம் மலேரியா என்று யாரோ மனுப் போட, அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாளைக் காலை விசாரணை. சரியான அளவு மருந்துக்கே கொசு சாகவில்லை என்று ஜகதீசன் வேலை பார்க்கும் இந்த மைசூர் ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைத்துவிடும்.

"ஹௌதா, நெசமாவா மாமா? ஊரே சொல்லாத சாட்சிய கொசு சொல்லிருச்சு பாரு."

ஜகதீசன் சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தான். "எந்த வீட்ல புடிச்சே?"

"எங்கூட்லதான். புள்ள கட்டிலுக்கு அடியில. வேற யாரு எனக்குக் கதவத் தொறக்கறாங்க?"

"அங்க எத்தனை தடவ மருந்து அடிச்சிருக்கே?"

"தெருவுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா. எங்கூட்டுக்கு வாரா வாரம். டப்பாவுல மிஞ்சறதக் கொண்டாந்துருவேன். மூணு வருசமா விடாம. புள்ளைக்குக் காய்ச்ச வரக்கூடாதில்ல?"

பேனா நின்றது. பக்கத்துக் கூண்டில் இருப்பவை பேராசிரியர் இரண்டு வருஷம் பாடுபட்டு உருவாக்கிய கொசுக்கள். மருந்து வைப்பது, சாகாமல் தப்பியதை மட்டும் முட்டையிட விடுவது, குஞ்சுகளுக்கு மறுபடி மருந்து. விஷத்தைத் தாங்கும் மரபணு தாயிடமிருந்து மகளுக்குப் போய்ப் போய்க் கடைசியில் கூண்டு முழுக்க அதுதான். அதையே பழனி கூண்டில்லாமல் செய்து முடித்திருக்கிறான், பிள்ளையின் கட்டிலுக்கடியில்.

இந்தக் கொசுக்கள் தெருவுக்குச் சாட்சியாகாது. உள்ளதை எழுதினால் பழனி சர்க்கார் மருந்தைத் திருடியவன் ஆகிவிடுவான். பிடித்த வீட்டைக் குறிக்கும் கட்டத்தைக் காலியாக விட்டால் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். வேறு வீட்டில் பிடித்து வரலாமென்றால் இன்னொரு நாள் வேண்டும்.

"என்ன மாமா, பேனா எழுதலையா?"

"எழுதுது."

பழனி குழாயைக் கையில் எடுத்தான். "பசிக்கும், பாவம்," என்றபடி வலை கட்டிய வாயில் சுண்டுவிரலை ஒட்டி வைத்தான். ஒரு கொசு நகர்ந்து வந்து வலைமேல் உட்கார்ந்தது. அதன் வயிறு மெல்லச் சிவந்து பெருப்பதை ஜகதீசன் பார்த்துக்கொண்டிருந்தான்.