ஒரு பக்கமாக மெல்லும் வண்டி

பெங்களூர் பீன்யாவில் இருக்கும் எங்கள் ஷெட்டில் வெல்டிங் என் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டனுடையது. வயரிங், பெயின்ட், வாய்ச்சண்டை மூன்றும் என் இலாகா. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ட்ரெய்லர்கள் செய்கிறோம். அவற்றில் எங்களுக்கு ரொம்பப் பெருமையானது, பல் டாக்டர் சௌம்யாவுக்குச் செய்து கொடுத்த வண்டி. உள்ளே சாய்வு நாற்காலி, விளக்கு, பல் ராவும் மெஷின், அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மல்லேஸ்வரத்தில் கிளினிக் வைத்து நிம்மதியாக இருக்கவேண்டிய பெண், மாதாமாதம் இதை இழுத்துக்கொண்டு மாதேஸ்வரன் மலைப் பக்கம் போவாள். அவள் போகும் ஊர்களுக்குக் கல்லும் குழியும்தான் பாதை.

அடிப்பாகம் கல்லில் இடிக்கிறது என்று, தன் ஜீப்பில் இருக்கும் அதே பெரிய டயரை ட்ரெய்லருக்கும் போடச் சொன்னாள். ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும் என்பது அவள் கணக்கு. இவரும் போட்டார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்து, "நாலு வெரல் கேப் இருக்கு மேடம். ஆனையே ஏறினாலும் தட்டாது" என்றார்.

ஆனை ஏறவில்லை. ஒரு குழியே போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஷெட்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்தபோது ரப்பர் கருகிய வாடை முன்னால் வந்தது. இடது டயரின் தோளைச் சீவி எடுத்த மாதிரி இருந்தது. பாதி வழியில் திரும்பிவிட்டாளாம். கத்துவாள் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு பல் செட்.

"இது மாதையனுக்கு. நாதஸ்வரம் வாசிக்கிறவர், அக்கா. பைக்குல விழுந்து முன்பல் எல்லாம் போயிடுச்சு. இந்த முகூர்த்த சீசன்ல ஏற்கெனவே ஒரு கல்யாணம் கைவிட்டுப் போச்சு. ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு. அதுக்கும் வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்களாம்."

"செட்டை மட்டும் ஜீப்புல கொண்டுபோய்க் குடுத்துடலாமே?" என்றேன்.

"செருப்பா அக்கா, மாட்டிட்டுப் போக? வாய்ல வெச்சு, எங்க இடிக்குதுன்னு பாத்துப் பாத்து ராவணும். மெஷின், லைட்டு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

இவர் அதற்குள் டார்ச்சோடு கீழே குனிந்து எழுந்தார். "ஸ்பிரிங்குக்கு அடியில பிளாக் வெச்சு பாடியைத் தூக்கிடறேன் மேடம். சாயங்காலத்துக்குள்ள ஆய்த்து."

"தூக்கினா படி ஒசரமாயிடும். வர்றவங்க பாதிப்பேருக்கு முட்டி வலி."

"அப்போ மட்கார்டையே வெட்டிடறேன்."

சௌம்யா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பல்லு வலிக்குதுன்னு வர்றவங்களுக்கெல்லாம் நான் உடனே புடுங்கிடறதில்ல, ஸ்ரீகண்டன். மொதல்ல எங்க கடிக்குதுன்னு பாக்கலாம்."

நீலம் இருக்கிறதா என்று கேட்டாள். துணிக்குப் போடும் நீலப்பொடி வீட்டில் இருந்தது. அதைக் கிரீஸில் குழைத்து, பட்டு ஜரிகை துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, இரண்டு மட்கார்டுக்கும் உள்பக்கம் தானே பூசினாள். வாயில் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, பல் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார்களே, அதே வைத்தியம். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. மெத்தப் படித்தவர்கள் பலபேர் படிப்பைக் கிளினிக்கிலேயே பூட்டிவிட்டு வருவார்கள். இவள் எங்கள் ஷெட் வரைக்கும் கொண்டுவந்திருந்தாள்.

"கேப் பாத்தப்போ தொட்டியில தண்ணி இருந்துதா?" என்று இவரைக் கேட்டாள்.

இவர் மேலே கூரையைப் பார்த்தார். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளந்திருக்கிறார் மனுஷன்!

தொட்டியை ரொப்பினோம். அவள் மலைக்குக் கொண்டுபோகும் சாமான் அத்தனையையும் ஏற்றினோம். தேய்ந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, குழியில் வண்டி சாய்கிற மாதிரி ஒரு சக்கரத்தை மட்டும் மரக்கட்டைமேல் ஏற்றினாள். பிறகு மறு சக்கரம். இறக்கிப் பார்த்தால் வலது பக்கத்தில் பூசிய நீலம் பூசியபடி இருக்கிறது. இடது பக்கத்தில் பாதி நீலம் டயரில்.

"ஒரு பக்கமாவே மெல்லுது. இந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றாள்.

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இடது பக்கம் இருந்தது வாஸ்து. வண்டி செய்தபோது ஷெட்டில் கிழக்கு பார்த்து நின்றது. தண்ணீர் ஈசானிய மூலையில்தான் இருக்கவேண்டும் என்று தொட்டியை முன்னால் இடது பக்கம் வைத்தார். கம்ப்ரஸர் காற்றாயிற்றே, அதனால் வாயு மூலை, பின்னால் இடது பக்கம். தொட்டி நிறைந்தால் மொத்தப் பாரமும் ஒரு சக்கரத்தின் தலையில்.

"ஏங்க, வண்டி மைசூர் ரோட்டுல திரும்பினா ஈசானியமும் கூடவே திரும்புமா?" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. வாஸ்து அவருக்கு விளையாட்டில்லை. இந்த வண்டி நல்லபடியாகப் போய் வரவேண்டும் என்று மனசாரச் செய்தது அது. சௌம்யா சிரிக்கவில்லை. "எனக்கு நல்லது நடக்கணும்னுதானே வெச்சீங்க" என்று அவரிடம் சொன்னாள். "பாரம் ரெண்டு காலுக்கும் சமமா இருந்தா அதுவும் நல்லதுதான்."

இவர் ஸ்பேனரை எடுத்தார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்திருக்கவேண்டும். தொட்டியைப் பிரித்து அச்சுக்கு நேர்மேலே நடுவில் உட்காரவைத்தார். கம்ப்ரஸரை வலது பக்கம் மாற்றினார். நான் வயரை நீட்டினேன். மறுபடி நீலம், மறுபடி மரக்கட்டை. இந்தத் தடவை இடது பக்கம் அழிந்தது பொட்டளவுதான். மட்கார்டை மாட்டிய போல்ட்டின் முனை ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. இவர் கிரைண்டரை எடுக்க, சௌம்யா பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சமா... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று பல் ராவுகிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தாள். இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ராவினார். சண்டைக்காரி நானே இரண்டு பேரையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் முன் மட்கார்டுக்குள் புதிதாக நீலம் பூசச் சொன்னாள். "இங்க ஒரு கட்டை ஏறினா போதுமா? திரும்பி வந்ததும் பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவர் சரியாகச் சாப்பிடவில்லை. போன் செய்யுங்கள் என்றால் அதற்கும் பயம்.

திங்கட்கிழமை மத்தியானம் செம்மண் புழுதி அப்பிய வண்டி வாசலில் நின்றது. சௌம்யா இறங்குவதற்குள் இவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். புழுதியைத் துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது.

"வனஜா! நீலம் அப்படியே இருக்கு. ரெண்டு பக்கமும்!"

சௌம்யா போனை என்னிடம் நீட்டினாள். பந்தலுக்கு முன்னால் கன்னம் உப்ப மாதையன். கெட்டிமேளத்துக்கு மேலே அவருடைய நாதஸ்வரம் ஏறிக்கொண்டே போனது.

"வெளியில வந்து பாருங்க" என்று இவரைக் கூப்பிட்டேன்.

"இங்கேருந்தே கேக்குது" என்றார். குரல் சரியாக இல்லை.

வாசிப்பு முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். கண்ணுக்குக் கீழே கன்னம் முழுக்க நீலம் ஈஷியிருந்தது. கேலி செய்ய நல்லதாக நாலு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. நான் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.