செய்துகொண்டே இருக்கிறேன்

பல் செட் செய்வது என் தொழில். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவை வைத்துப் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக நட்டு, காய்ச்சி, பாலிஷ் போட்டுக் கொடுப்பேன். கை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மனது வினைச்சொற்களின் பின்னால் அலைந்துகொண்டிருக்கும். நாற்பத்தாறு வயதில், யாரும் கேட்காமலேயே, நான் ஒரு புது மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தேன். அதைப் பேசத் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். நானும் சரளமாகப் பேசமாட்டேன்.

என்னைப் போல இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மொழி. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கணினித் திரையில் கூடி, அவரவர் இலக்கணத்தை மற்றவர் தலையில் கட்டுவோம். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் குழுவுக்குத் தலைவி. வருடத்துக்கு ஒரு போட்டியும் உண்டு.

அந்த வருடம் நான் முழுக்க நம்பியிருந்தது என் நிகழ்காலத்தை. நம் பேச்சில், "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்கிறவன் பாதி நேரம் வீட்டில் சட்டை தேடிக்கொண்டிருப்பான். என் மொழியில் அது நடக்காது. நிகழ்காலத்துக்கு மூன்று விகுதிகள். கண்ணெதிரே நடக்கிற செயலுக்கு 'த்தி'. வழக்கமாக நடப்பதற்கு 'ம்மு'. நடப்பதாக ஒருவர் சொல்லிக்கொள்கிறார், யாரும் பார்க்கவில்லை என்றால் 'க்கி'. 'மேர' என்றால் செய். மேரத்தி என்றால் உண்மையிலேயே செய்கிறார். மேரக்கி என்றால் செய்கிறாராம். இந்த மொழியில் பொய் சொல்கிறவனை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும் என்று குழுவில் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். என் மைக் அணைந்திருந்தது.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், எங்களோடுதான் இருக்கிறார். போட்டிக்குப் பத்து மாதம் முன்பு மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டார்கள். ஈறு ஆறியதும் மருத்துவர் அளவெடுத்து என்னிடமே அனுப்பினார். வேறு யாரிடம் அனுப்புவார்? அச்சையும் அன்றே வார்த்துவிட்டேன். பிறகு அது பட்டறை அலமாரியில், 'மாமா' என்று பென்சிலில் எழுதிய காகிதத்தோடு உட்கார்ந்திருந்தது. ஊரார் வாயெல்லாம் என் கையால் நிறைந்தது. என் வீட்டில் ஒருவர் எல்லாவற்றையும் மசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதாவது கேட்பார். "செஞ்சுக்கிட்டே இருக்கேன் மாமா" என்பேன்.

போட்டி விதிப்படி மாதிரி வாக்கியங்களை, மொழியை உருவாக்கியவர் அல்லாத ஒருவர் வாசிக்க வேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவியைக் கேட்டேன். மருந்துச் சீட்டில் இருக்கிற கிறுக்கலை வாசிப்பதே போதும் என்றாள். மிச்சம் மாமாதான். அவர் மறுக்கவில்லை. சமையலறைச் சுவரில் நான் ஒட்டியிருந்த வினை அட்டவணையை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். நானே பார்த்துத்தான் சொல்வேன்.

சிக்கல் 'த்தி'யில் வந்தது. அவர் வாயில் அது வெறும் காற்றாகவும் ஈரமாகவும் வந்தது. நான் பொறுமையாக விளக்கினேன்.

"நாக்கைப் பல்லுல ஒட்டிச் சொல்லுங்க மாமா."

அவர் நாக்கால் ஈறைத் துழாவிப் பார்த்தார்.

"எந்தப் பல்லுல மாப்ளே?"

உள்ளறையில் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, பல் இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு விகுதி வைக்கலாமா என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தார். 'த்தி' வராததால் வருகிற 'க்கி'யையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார். பறவை பறக்கிறதாம். தண்ணீர் கொதிக்கிறதாம். குழந்தை தூங்குகிறதாம். ஒன்றையும் நம்பாத ஒரு மொழி என் கண் முன்னால் உருவாகிக்கொண்டிருந்தது. நான் எழுதிக்கொடுத்த பத்து வாக்கியமும் முடிந்ததும், அவரே பதினொன்றாவதாக ஒன்றைச் சொன்னார். மருமகன் பல் மேரக்கி.

டீச்சர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மற்ற வாக்கியங்களில் உச்சரிப்பு மாறியது தெரிகிறது, கடைசியிலும் அப்படித்தானா என்று கேட்டார்.

"இல்லம்மா," என்றார் மாமா. "அது ஒண்ணுதான் நான் சரியாச் சொன்னது. எட்டு மாசமா செஞ்சுக்கிட்டே இருக்காரு."

பதினொரு சிறு சதுரங்களில் பதினொரு பேர் சிரித்தார்கள். பன்னிரண்டாவது சதுரத்தில் இருந்தவன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அலமாரியிலிருந்து அச்சை எடுத்தேன். பயனில்லை. இத்தனை மாதத்தில் ஈறு சுருங்கியிருக்கும், பழைய அளவு பொருந்தாது என்பது இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். மாமாவை மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று மருத்துவர் கேட்டார். வேலை அதிகம் என்றேன். மாமா வாயை அகலத் திறந்து காட்டிக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில், "நீங்க என்கிட்ட முதல்லயே கத்தியிருக்கணும் மாமா, சும்மா இருந்ததுதான் எனக்கு வசதியாப் போச்சு" என்று ஒருவழியாகச் சொன்னேன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னார்.

மூன்று வாரம் அட்டவணையைத் தொடவில்லை. மெழுகில் பல் நட்டுப் போட்டுப் பார்த்தபோது மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன் பழைய முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும், இது யாரோ பணக்காரன் வாய் என்றார். ஏற்றி நட்டேன். முதல் இரண்டு நாள் வலித்தது. இரண்டு முறை உரசிச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் ஆப்பிளை அவரே கடித்துச் சாப்பிட்டார். மனைவி எதிரே உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தந்தாள்.

போட்டியில் எனக்கு ஒன்பதாவது இடம். மாமா அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. பேருந்து நிலையத்தில் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். மாலையில் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றியபடியே, டிக்கெட் பரிசோதகராக இருந்த நண்பருக்கும் பல் செட் வேண்டுமாம் என்றார்.

"என் மாப்ளே செஞ்சு தருவாருன்னு சொல்லிட்டேன். எப்பன்னு கேட்டான். அது எனக்குத் தெரியாதுப்பா, அவர்கிட்டயே கேட்டுக்கன்னுட்டேன்."

மறுநாள் மதியமே அந்தப் பரிசோதகர் வீட்டைத் தேடிப் போனேன்.