எழுந்து நின்று சொன்னது

மேட்ரன் தலையணை உறைகளை மூலைக்கு மூலை பொருத்தி மடித்துக்கொண்டிருந்தபோது, தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து நின்றான். பின்னாலேயே அவன் மகள், முதுகில் புத்தகப்பையோடு. பள்ளிக்கூடம் போன பிள்ளை பாதி நேரத்திலேயே வீட்டு வாசலில் நின்றால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வில்லங்கமாக இருக்க வேண்டும். மேட்ரன் புறங்கையால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது.

“சரி, வில்லங்கம்தான். செருப்பக் கழட்டிட்டுச் சொல்லு” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் செவிலியர்களுக்கெல்லாம் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் இன்றைக்கும் அவளுக்கு மேட்ரன் என்றுதான் பெயர். தம்பி மட்டும் அக்கா என்பான். அவன் மனைவி நேரில் அண்ணி என்றும் அடுக்களைக்குள் மேட்ரன் என்றும் சொல்வது இவளுக்குத் தெரியும். அதில் ஒரு வருத்தமும் கிடையாது, சம்பாதித்த பெயர்தானே. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் அந்த வீட்டு ஒழுக்கத்திலும் சுருக்கம் இருக்கும் என்பது அவளுடைய சித்தாந்தம். பிழைக்கப் போன நாட்டில் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட, குடும்பத்தோடு திரும்பி வந்து அக்கா வீட்டு மாடியில் குடியேறியிருந்த தம்பிக்கு அந்தச் சித்தாந்தம் கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதன் சாரம் இதுதான். ஆட்சி மாறியதும் பாடப்புத்தகமும் மாறியிருந்தது. அதில் இந்த நகரத்தின் முதல் பள்ளிக்கூடமான இவள் படிக்கிற பள்ளியைப் பற்றியே ஒரு பாடம் உண்டு. மில் தொழிலாளிகளின் பிள்ளைகள் தெருவில் திரிவதைக் கண்டு மனம் இரங்கி, ஆளும் கட்சியின் நிறுவனத் தலைவர் அந்தப் பள்ளியைக் கட்டிக் கொடுத்தார் என்று புதுப் புத்தகம் சொல்கிறது. பழைய புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. அரசாங்கம் கையை விரித்துவிட்டதால், தொழிலாளிகளே வேலை முடிந்த பிறகு அஸ்திவாரம் தோண்டி, கல் சுமந்து கட்டினார்கள் என்று அதில் இருந்தது. டீச்சர் புதுப் பாடத்தைப் படித்து முடித்ததும் இவன் மகள், “அது தப்பு டீச்சர். எங்க தாத்தாவும் மத்தவங்களும் சேர்ந்து கட்டினது” என்று சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் வெளிறிப்போனார். ஹெட்மாஸ்டர் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். நாளைக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் பெண்ணை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும். முடியாது என்றால் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம். நடு வருடத்தில் இவளைச் சேர்த்துக்கொண்டதே இந்த ஒரு பள்ளிதான். ஒழுங்கீனம் என்று சான்றிதழில் எழுதி அனுப்பினால் வேறெந்தப் பள்ளியும் கதவைத் திறக்காது.

மேட்ரன் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள். அந்தப் பள்ளியின் முன்பக்க அறைகளுக்குத் தளக்கல் பாவியவர் அவளுடைய அப்பா. ஷிப்ட் முடிந்து பஞ்சுத்தூசி ஒட்டிய தலையோடு நேராக அங்கே போவார். சின்னப் பெண்ணாக இருந்த இவள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறாள். மில் தொழிலாளிகள் குடியிருந்த பேட்டையில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். ஒருவர் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. அவர்களும் கேட்கவில்லை.

“ஏன்டியம்மா, அதச் சொல்லும்போது எந்திரிச்சு நின்னு சொன்னியா, உட்கார்ந்துக்கிட்டே சொன்னியா?” என்று கேட்டாள்.

பெண் திகைத்தாள். “உட்கார்ந்துதான் அத்தை. அங்க யாருமே எந்திரிக்க மாட்டாங்க.”

அங்கே என்றால் அந்த நாட்டில். வட்ட மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்களாம், நடுவில் டீச்சரும் உட்கார்ந்திருப்பாராம், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமாம். ஒரு தடவை இவளுடைய மதிப்பீட்டில் ‘நன்றாக மறுத்துப் பேசுகிறாள்’ என்று எழுதியிருந்ததைத் தம்பி பெருமையாகப் போனில் படித்துக் காட்ட, மேட்ரன் அதைப் புகார் என்று நினைத்துப் பிள்ளை வளர்க்கத் தெரியாதவன் என்று அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அந்தக் கதை இன்னும் வீட்டில் ஓடுகிறது.

“அக்கா, இப்ப அதுவா பிரச்சினை?” என்றான் தம்பி.

“அதுதான்டா பிரச்சினை.”

தம்பிக்கு உயிர் வந்தது. அக்கா முரண்டு பிடிப்பாள், பள்ளிக்கூடத்தையே இரண்டாக்குவாள் என்று பயந்துதான் வந்திருந்தான். ஊரோடு ஒத்து வாழணும், நாலு பேர் மாதிரி இருந்துட்டுப் போகணும், படிப்புதான் முக்கியம், புத்தகத்தில் எவன் எதை எழுதினால் நமக்கென்ன என்று மளமளவென்று பேசினான். மேட்ரன் மறுத்து ஒன்றும் சொல்லாததே அவனுக்குப் பெரிய சம்மதமாகப் பட்டது. நிம்மதியாக மாடியேறிப் போனான்.

பெண் போகவில்லை. ஓர் உறையை எடுத்து அத்தை மடித்தது மாதிரியே மடிக்கப் பார்த்தாள்.

“அங்க மட்டும் எல்லாத்தையும் கேக்க விடுவாங்கன்னு நெனைக்காதீங்க அத்தை. நம்மள மாதிரி வெளியூர்லருந்து போய் அங்க ரோடு போட்டவங்க, பாலம் கட்டினவங்க பத்தி அவங்க புக்ல ஒரு வரி இல்ல. ஏன் இல்லன்னு கேட்டேன். ‘ரொம்ப நல்ல கேள்வி’ன்னு சிரிச்சாங்க. சிரிச்சுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாங்க.”

மேட்ரன் அந்தப் பிள்ளையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அங்கே முதுகைத் தட்டிக் கொடுத்து வாயை அடைக்கிறார்கள், இங்கே முட்டியைத் தட்டி அடைக்கிறார்கள். அடைப்பு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு இவளுடைய அப்பாவின் மூக்கு. அது இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது எப்படி?

அன்று சாயங்காலம் அவள் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. மேசையில் சாயக்கூடாது, கை பக்கவாட்டில், குதிகால் சேர்ந்து, பார்வை டீச்சர் முகத்தில். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வார்டுக்குள் வரும்போது நர்ஸுகள் நிற்கிற நிற்பு. என்ன சொல்ல வேண்டும் என்று பெண் கேட்டதற்கு, “நிக்கத் தெரிஞ்சவளுக்குச் சொல்லவும் தெரியும்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த உடையில், ஆஸ்பத்திரிக் காலத்துக் கைக்கடிகாரம் கட்டி, பெண்ணை முன்னால் விட்டு நடந்தாள். பள்ளியின் நீண்ட நடையில் தளக்கற்கள் காலகாலமாகப் பிள்ளைகள் மிதித்து வழவழத்திருந்தன, ஒன்றுகூட ஆடவில்லை. அவளுடைய முதுகு தானாகவே இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

ஹெட்மாஸ்டர் அறையில் புதுத் தலைவரின் படம் மாட்டியிருந்தது. அதைச் சுற்றிச் சுவரில் வெளுத்த பட்டை. முன்பு அங்கே இருந்த படம் இதைவிடப் பெரியது போலிருக்கிறது. ஹெட்மாஸ்டர் கெட்டவர் அல்ல. எழுந்து நாற்காலி காட்டினார், தண்ணீர் வரவழைத்தார். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள் என்றும், பிள்ளைகள் வீட்டில் போய் எதையாவது சொல்லி அது காற்றுவாக்கில் பரவினால் டீச்சர் வேலைக்கே உலை வைத்துவிடும் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ரெண்டே வார்த்தைம்மா. சொல்லிட்டா முடிஞ்சுது.”

“எங்க வீட்டுப் பொண்ணு மரியாதை தவறிட்டா சார். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன்.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வழிகாட்டினார்.

வகுப்பு எழுந்து நின்று உட்கார்ந்தது. பெண் போய்க் கடைசி வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். டீச்சருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய புத்தகத்தில் படித்த தலைமுறை. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று மனசில்லாமல் மருந்தை ஊசியில் ஏற்றுகிற இளம் நர்ஸுகளின் முகத்தை மேட்ரன் நிறையப் பார்த்திருக்கிறாள். அதே முகம். அவளுக்கு டீச்சர் மேல் கோபம் வரவில்லை. கும்பிட்டாள்.

“டீச்சர், பெரியவங்ககிட்ட எந்திரிச்சு நின்னுதான் பேசணும். எங்க அப்பா எங்கள அப்படித்தான் வளர்த்தாரு. இவ உட்கார்ந்துக்கிட்டே உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கா. வளர்த்த இடம் வேற, ஆனா வீடு எங்க வீடு. குத்தம் எங்களுது. வீட்டுக்கு மூத்தவ நான், மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

ஹெட்மாஸ்டர் திருப்தியாகத் தலையசைத்துக் கதவுப் பக்கம் திரும்பினார். மேட்ரன் அசையவில்லை. கடைசி வரிசையைப் பார்த்து, “எந்திரிம்மா. நேத்துச் சொன்னத இன்னிக்கு முறையாச் சொல்லு” என்றாள்.

பெண் எழுந்தாள். மேசையில் சாயவில்லை. குதிகால் சேர்ந்திருந்தது.

“வணக்கம் டீச்சர். நேத்து உட்கார்ந்துக்கிட்டே பேசினேன், மன்னிச்சுக்குங்க. இந்தப் பள்ளிக்கூடத்த யாரும் நமக்குக் குடுக்கல. மில்லுல வேலை பார்த்தவங்க வேலை முடிஞ்சு வந்து கட்டினாங்க. எங்க தாத்தா அதுல ஒருத்தர். உங்க எல்லார் வீட்டுலயும் கேட்டுப் பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது. “நாளைக்கு வந்து சான்றிதழ வாங்கிக்கிற மாதிரி இருக்கும்மா” என்று மேட்ரனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். “வாங்கிக்கறேன் சார். ஒழுங்கீனம்னு மட்டும் எழுத முடியாது. எந்திரிச்சு நின்னுதான் சொன்னா” என்றாள் மேட்ரன். டீச்சரை மறுபடி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எழுந்து சொன்ன பதில் சரியென்றால் டீச்சர் ‘உட்கார்’ என்பார். தப்பென்றால் ‘நில்லு’ என்பார். பிள்ளைகள் எல்லாம் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இரண்டையும் சொல்லவில்லை. மேசையில் விரித்திருந்த புத்தகத்தைப் பார்த்தார், கதவருகே நிற்கும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார், சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். கை பலகை வரை உயர்ந்தது. எழுதவில்லை.

நடையில் நின்று மேட்ரன் சன்னல் கம்பிகளின் ஊடே பார்த்தாள். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலைகள். அவற்றுக்கு மேலே, கை பக்கவாட்டில் படிந்திருக்க, ஒரு பெண் தனியாக, நேராக நின்றுகொண்டிருந்தாள்.