வான்டர்ஹெக் வம்சத்தில் ஒரு வைரவன்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு பொதி லம்ப்ரைஸ் சோற்றுக்காகத்தான் இந்தக் கதையை எழுதச் சம்மதித்தேன். தெகிவளையில் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் யூஸ்டஸ் வான்டர்ஹெக், வாழையிலைப் பொதியை மேசையில் வைத்தார்.

"எங்கட பரம்பரையை எழுதும் மென். டச்சுக் கப்பலில இருந்து என்ட மகள் டோரீன் வரைக்கும்."

பொதியைப் பிரித்த பிறகு மறுப்பது மரியாதை இல்லை.

2.

முதல் தொடக்கம்: 'புயலில் பாய்மரம் முறிய, கப்பித்தான் லோரன்ஸ் வான்டர்ஹெக் ஒரு திமிங்கிலத்தின் முதுகிலேறிக் காலி நகரத்துக் கோட்டையை...'

(திமிங்கிலம் இருக்கட்டும் என்றார் யூஸ்டஸ். கப்பித்தான் பட்டத்தைத்தான் நீக்க வேண்டியதாயிற்று. தேவாலயப் பதிவேட்டில் லோரன்ஸ் பீப்பாய் செய்பவர்.)

3.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை டோரீனுக்கும் யாழ்ப்பாணத்துச் சிவகுருநாதனுக்கும் பதிவுத் திருமணம். யூஸ்டஸ் வரமாட்டேன் என்கிறார்.

"எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்ல. நீயும் அவரைக் கட்டினா எங்கட பேர் முடிஞ்சுது சைல்ட்."

"முடியட்டும் டடா. பள்ளிக்கூடத்தில அந்தப் பேரை நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள சோதனை முடிஞ்சிடும்."

"பகிடி விடாத."

"சரி, விடல்ல. ஆனா நீங்க வராட்டி நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

4.

பதிவேட்டின் அடுத்த பக்கத்தை மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். லோரன்ஸுக்கும் ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். அவளைக் கட்டியவன் யாழ்ப்பாணத்து வைரவன். ஞானஸ்நானம் பெற்று, மாமனாரின் பெயரையே வைத்துக்கொண்டான். பிறகு வந்த வான்டர்ஹெக்குகள் அத்தனை பேரும் அவன் வழி.*

*இதில் மட்டும் நான் கை வைக்கவில்லை. திமிங்கிலத்தின் மேல் சத்தியம்.

5.

கடைசியில் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டேன். யூஸ்டஸ் மூன்று தரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் தரம். பிறகு சிவகுருநாதனுக்கு ஆள் அனுப்பினார்.

[இங்கே ஒரு சண்டை எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. நடக்கவில்லை என்பதால் அடித்துவிட்டேன்.]

"உமக்கு எத்தினை தலைமுறை தெரியும் மென்?"

"அப்பப்பா வரைக்கும், அங்கிள்."

"அவ்வளவுதானா? பாவம். டோரீன், இவருக்கு ஒரு கதிரை போடு. வைரவனில இருந்து பாதியை இவரும் எடுக்கட்டும். எங்களிட்ட நிறையக் கிடக்கு."

சனிக்கிழமை பதிவாளர் வருவதற்கு முன்பே யூஸ்டஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டி கோணலாக இருந்தது. வாய் காது வரைக்கும் போயிருந்தது.

6.

நான் வரைந்த வம்சப்படத்தில் டோரீனுக்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளை வான்டர்ஹெக்கா, சிவகுருநாதனா? இரண்டும் என்றால் தாள் போதாது. வைரவன் என்றே வைக்கலாம் என்கிறார் யூஸ்டஸ், பெண் பிறந்தாலும் சரியாம்.

எனக்கு இதில் முடிவு இல்லை. கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். ஆனால் பென்சிலால் எழுதுங்கள். அந்தப் பிள்ளையும் ஏதாவது சொல்லும்.