பேக்கரிக்குப் போன கதை

மேகலாவுக்கு வலி எடுத்த நேரம் பார்த்துக் கதை பேக்கரிக்குப் போய்விட்டது.

அந்தத் தெருவை ஒரு குறும்படத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் மூன்று கதைகள். ஒன்று திலகமணியின் வீட்டில். ஒன்று தெருமுனை பேக்கரியில். இன்னொன்று எதிர்வீட்டு மொட்டைமாடியில். ஒரு கதை நடக்கும்போது மற்ற இரண்டும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றால் ஆட்கள் சிலையாகிவிட மாட்டார்கள். நடக்கலாம், பேசலாம், கோபப்படலாம். எதுவும் முடியாது, அவ்வளவுதான். பால் பொங்க வந்து பொங்காமல் நிற்கும். தும்மல் மூக்குவரை வந்து நிற்கும். தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது.

திலகமணிக்குப் பழகவில்லை. அவள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். எந்த வீட்டில் போய் உட்கார்ந்தாலும் கையெழுத்து வாங்காமல் எழுந்ததில்லை. பாதியில் நிற்கும் காரியம் எதுவும் அவளுக்கு ஆகாது.

இப்போது பாதியில் நின்றது மகளின் பிரசவ வலி.

"அம்மா, ஏறுச்சு. எறங்க மாட்டேங்குது" என்றாள் மேகலா. கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். அந்த ஒரே வலி, உச்சியில் போய், அப்படியே நின்றிருந்தது.

மருமகன் பெங்களூரிலிருந்து பஸ் ஏறியிருந்தான். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓசூரைத் தாண்டவில்லை.

திலகமணி பக்கத்து வீட்டு பத்ரனின் ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோ கிளம்பியது. ஒரு மஞ்சள் காம்பவுண்டுச் சுவர் வந்தது. அது முடியவில்லை. பத்ரன் வேகத்தைக் கூட்டினான். சுவர் இன்னும் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரி வரலீங்க்கா" என்றான்.

"திருப்பு."

திரும்புவதற்கு மட்டும் நேரமே ஆகவில்லை. மகளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் திலகமணி சேலையை இழுத்துச் செருகினாள். பேக்கரிக்கு நடந்தாள்.

பேக்கரியின் மேல் மட்டும் மழை பெய்தது. உள்ளே ஜன்னலோரம் ஒரு பையன், ஒரு பெண். நடுவில் ஒரு தேங்காய் பன். பையன் பெயர் சுதர்சனம், பெண் பெயர் யாழரசி. அவன் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் கதை.

திலகமணி மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லித் தொலை, தம்பி."

"சொல்லத்தானுங்க வாயத் தொறக்கறேன். மழை சத்தமாயிருது."

"மழைக்கு மேல கத்து."

"கத்தற கதை இல்லீங்க இது. மெதுவாப் போற கதை."

திலகமணி யாழரசியிடம் திரும்பினாள். "அம்மணி, அவன் என்ன சொல்லப்போறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்ப சரின்னோ இல்லைன்னோ சொல்லீட்டுப் போ. என்ற புள்ள அங்க வலில கெடக்கறா."

யாழரசிக்குச் சங்கடமாக இருந்தது. "நான் ஜன்னலப் பார்க்கணுங்க" என்றாள். பார்த்தாள். ஒரு துளி கண்ணாடியில் மெதுவாக இறங்கியது. அது இறங்கி முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

பையன் வாயைத் திறந்தான். மழை நின்றது. டீயின் ஆவி அந்தரத்தில் நின்றது. கதை மாறிவிட்டது.

திலகமணி வீட்டுக்கு ஓடினாள். மேகலா அதே கம்பியை, அதே வலியில் பிடித்திருந்தாள். கதை இங்கே வரவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் காற்று அடித்தது.

அங்கே கிரிதரன் என்ற ஆள் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது தாண்டியவர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஊரைப் பார்த்தார். பார்ப்பதுதான் அவர் கதை. படி ஏறி வந்த திலகமணிக்கு மூச்சு இரைத்தது.

"என்னத்தப் பார்க்கறீங்க?"

"எனக்கும் தெரியலீங்க. ஆழமா இருக்குதுன்னாங்க."

"கீழ எறங்கி வாங்க. என்ற மகளுக்குப் பிரசவம் ஆகட்டும். அப்பறம் ஏறி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க."

கிரிதரன் தொட்டியின் விளிம்பைத் தடவினார். "எறங்கினா என்ற கதை முடிஞ்சிருமுங்க. எனக்கு இத விட்டா வேற ஒண்ணுமில்லீங்க."

அதை அவர் அழாமல் சொன்னார். திலகமணிக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"இதையெல்லாம் மாத்தி மாத்தி வெட்டறது யாரு?"

"மணவாளன் சார். படம் எடுக்கறவருங்க. கல்யாண மண்டபத்து மாடியில இருக்கார்."

மண்டபத்து மாடிப்படி அவள் ஏற ஏற நீண்டது. ஒரு படியில் உட்கார்ந்து, "நான் எறங்கிப் போக மாட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள். படி முடிந்துவிட்டது.

மணவாளன் மரியாதையான மனிதர். அவருக்குச் சளி பிடித்திருந்தது. முன்னால் மூன்று ஜன்னல்கள். ஒன்றில் பேக்கரி, ஒன்றில் மொட்டைமாடி, ஒன்றில் மேகலா. திறந்திருக்கும் ஜன்னலில்தான் கதை நடக்கும். மேகலாவின் ஜன்னல் சாத்தியிருந்தது.

"திறங்க" என்றாள் திலகமணி.

"உட்காருங்கம்மா. உங்க கதைய நான் ரொம்ப மதிக்கறேன். அதனாலதான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"மதிக்கறதுன்னா?"

"அங்க ஒரு பொண்ணு வலில இருக்கான்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சாத்தான் இங்க பையன் பேசாம இருக்கறதுல ஒரு பதற்றம் வரும். இல்லைன்னா அவன் வெறுமனே பன் சாப்பிடறான்."

திலகமணி எழுந்து நின்றாள்.

"என்ற புள்ளையோட வலி அவன் பன்னுக்குத் தொட்டுக்கவா?"

மணவாளன் மூக்கைத் துடைத்தார். "கடைசில எல்லாரும் நாலு ரோட்டுல சந்திக்கறாங்கம்மா. எல்லாக் கதையும் சேருது. அப்ப ஒரு லாரி வருது."

"லாரி எதுக்கு?"

"சேர்ந்தா ஒண்ணு நடக்கணுமில்லீங்களா? ஒரு ஆள் போயாகணும். யாருன்னு இன்னும் முடிவாகலை. உங்க வீட்ல இருந்துன்னா கனமா இருக்கும்."

அவர் இதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார்.

திலகமணி எத்தனையோ வீடுகளில் சாவைப் பற்றிப் பேசியவள். இப்படி ஒருவரும் அவளிடம் பேசியதில்லை. மேகலாவின் ஜன்னலை அவளே பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

"அத உங்களால தொறக்க முடியாதுங்கம்மா. கதை ஆளுங்க கூடத்தான் போகும். இப்பப் பாருங்க, பேக்கரிக்குப் போகுது. அந்தப் பையன் எங்க இருக்கானோ அங்கதான் மழை."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். படியிறங்கிப் பேக்கரிக்கு நடந்தாள்.

பேக்கரியில் மழை மறுபடி பிடித்திருந்தது. திலகமணி சுதர்சனத்தின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்தாள். மறு கையால் யாழரசியை.

"எழுந்திரிங்க."

"எங்கீங்க?"

"என்ற ஊட்டுக்கு."

அவர்கள் வந்தார்கள். மழையும் வந்தது. வாசல் தாண்டி, கூடத்தில், டிவி மேல், கட்டில் மேல் பெய்தது. உச்சியில் நின்ற வலி மெல்ல இறங்கியது. மேகலா கம்பியை விட்டாள். பிறகு அடுத்த வலி வந்தது, ஒழுங்காக, முன்னதைவிடப் பலமாக.

"இவங்க யாரும்மா?"

"பேக்கரி. எழுந்திரு கண்ணு, ஆட்டோவுக்குப் போலாம்."

கிளம்பும்போது எதிர்வீட்டைப் பார்த்துத் திலகமணி கத்தினாள். "கிரிதரன், என்ற மகளப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும்!"

அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அவர் இறங்கி வந்தார். அவர் கதை முடியவில்லை. கூடவே வந்தது, சட்டையில் கொஞ்சம் காற்றாக.

ஆட்டோவுக்குள் மழை பெய்தது. மஞ்சள் சுவர் வந்தது, முடிந்தது. யாழரசி மேகலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சுதர்சனமும் கிரிதரனும் இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டார்கள். நாலு ரோடு வந்தது.

லாரி அங்கே தயாராக நின்றது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஆட்டோவைக் கண்டதும் கிளம்பியது.

திலகமணி குதித்து இறங்கி நடுரோட்டில் நின்றாள். லாரி அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"யாரைக் கொல்ல வந்தீங்க?" என்று கேட்டாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். பெரிய மீசை, பயந்த முகம். "எனக்குத் தெரியாதுங்க. வேகமா வரணும்னாங்க. யாருன்னு பிறகு சொல்றேன்னாங்க."

"கேக்காம வருவீங்களா? பேர் தெரியாத ஆளக் கொல்ல டீசல் போட்டுட்டு வந்து நிப்பீங்களா?"

"தப்புத்தானுங்க."

"அம்மா" என்று மேகலா அலறினாள். ஆஸ்பத்திரிவரை தாங்காது என்று திலகமணிக்குத் தெரிந்தது. லாரி டிரைவர் தார்ப்பாயை எடுத்து ஆட்டோவைச் சுற்றிப் பிடித்தார். பத்ரன் மறு முனையைப் பிடித்தான்.

மண்டபத்து மாடியில் மணவாளன் கதையை வெட்டினார். மொட்டைமாடிக்குப் போனார். அங்கே யாருமில்லை. தொட்டி மட்டும் நிரம்பி வழிந்தது. பேக்கரிக்குப் போனார். ஈ ஒன்று பன்னின் மேல் உட்கார்ந்திருந்தது. மேகலாவின் வீட்டுக்குப் போனார். காலிக் கட்டிலில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெட்டிப் போக இடமில்லை. எல்லாக் கதையும் நாலு ரோட்டில் இருந்தது.

அதனால் எதுவும் நிற்கவில்லை. வலி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. "முக்கு கண்ணு" என்றாள் திலகமணி. யாழரசி ஜன்னல் எதையும் பார்க்கவில்லை. சுதர்சனம் இதற்குள் தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். "அப்பறம் பேசிக்கலாம், இதப் பிடி" என்று யாழரசி ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வந்த ஃபிளாஸ்க்கை அவன் கையில் கொடுத்தாள்.

குழந்தை பிறந்தது. பெண். அழுதது.

பத்ரன் அழுதான். கிரிதரன் தார்ப்பாயின் ஓட்டை வழியாக ஒரு கணம் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார். மேகலா, "அவர் எங்க?" என்றாள். அவள் புருஷன் ஓசூர் தாண்டிவிட்டதாகப் போனில் சொன்னான்.

"நான் இப்ப என்னங்க பண்றது?" என்று லாரி டிரைவர் கேட்டார்.

"ஹாரன் அடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு முன்னால போங்க. ஒருத்தனும் குறுக்க வரக்கூடாது."

அப்போது மணவாளன் ஓடி வந்தார். இருமினார். எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"நல்லா வந்திருக்குதுங்க. குழந்தை அழற சத்தம் மட்டும் கொஞ்சம் நீளம். அதக் குறைச்சுக்கலாம்."

திலகமணி குழந்தையைத் துடைத்த துண்டை அவர் கையில் திணித்தாள்.

"பிழிங்க" என்றாள்.

அவர் பிழிந்தார்.

"இன்னும் நல்லா."

அவர் இன்னும் நல்லாப் பிழிந்தார். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.