கொளஞ்சிநாதனின் பதினெட்டாம் தேதி

காலை பத்தேகால் மணிக்கே கோர்ட் வராந்தாவில் வந்து நின்ற கொளஞ்சிநாதனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. இரவெல்லாம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக்கிடந்த நிலக்கரியை அள்ளிப் போட்டுவிட்டு, சி ஷிப்ட் முடிந்ததும் குளித்து வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கண் எரிந்தது. நெஞ்சு மட்டும் மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது. இருக்காதா பின்னே? நாலு வருஷம் வாய்தா வாய்தா என்று போய், இன்றைக்குத்தான் அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லப்போகிற நாள். அவருக்கு வக்கீல் கிடையாது. வைத்திருந்த வக்கீல் மூன்று வாய்தாவுக்கு வராமல் போகவே, "என் பாதையப் பத்தி என்னைவிட எவனுக்குத் தெரியும்?" என்று கேஸ் கட்டைத் தானே வாங்கிக்கொண்டார். பெல்ட் ஓடும் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு, மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று எத்தனை இரவுகள் முழங்கியிருப்பார்!

வழக்கு பெரிய வழக்கில்லை. வடக்குத்து கிராமத்தில், தெருவிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் ஆறடிச் சந்து. முன்வீட்டு சிங்காரவேல், சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் சுவர் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து கொளஞ்சிநாதன் குடும்பத்துக்கு வாய்க்கால் கரைதான் வழி. கேஸ் சிலிண்டரை வண்டிக்காரர் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். அவர் மனைவி செங்கமலம் அதைக் கரையோரமாக உருட்டிக்கொண்டு வருவாள். போன மழைக்கு வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கூடிவிட்டது என்றாலும் கோணலாகத்தான் கூடியது.

பன்னிரண்டு மணியாகியும் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. பெஞ்ச் கிளார்க் வெண்மதியிடம் போய் வழக்கு எண்ணைச் சொன்னார். அந்தப் பெண் பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இது நேத்தே முடிஞ்சிடுச்சுங்களே. டவாலி மூணு தடவ கூப்பிட்டாரு. அந்தப் பக்கத்துக்காரங்க வந்திருந்தாங்க, நீங்க வரல. வழக்கு நடத்தாததால தள்ளுபடி."

"நேத்தாங்க? வாய்தா பதினெட்டுங்களே!"

"ஆமா. நேத்துதான் பதினெட்டு."

"இல்லீங்க, இன்னிக்குப் பதினெட்டு. இப்பதான முடிச்சுட்டு வந்துக்கினு இருக்கேன்!" சட்டைப் பையிலிருந்து, வேலைக்கு வந்த நாளைக் குறிக்கும் மஸ்டர் கார்டை எடுத்து நீட்டினார். கடைசிக் கட்டத்தில் பதினெட்டு என்றுதான் இருந்தது. நீட்டிய பிறகு அவருக்கே உறைத்தது. சி ஷிப்ட் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறுக்கு முடியும். தொடங்கிய நாளின் தேதிதான் கார்டில் விழும். நடுராத்திரியில் உலகத்துக்கு மாறுகிற தேதி அங்கே யாருக்கும் மாறுவதில்லை. பதினெட்டாம் தேதி ஷிப்டை முடித்துக்கொண்டு நேராகக் கோர்ட் என்று அவர் மனசுக்குள் போட்ட கணக்கு சுரங்கத்தின் கணக்கு. நேற்றுக் காலை இந்த வராந்தாவில் டவாலி அவர் பெயரை மூன்று தரம் கூவியபோது, அவரோ மறுநாள் சாட்சி சொல்லத் தெம்பு வேண்டுமே என்று கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வெண்மதிக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "முப்பது நாளைக்குள்ள மறுபடி கோப்புல எடுக்கச் சொல்லி மனு போடலாங்க, ஐயா. வராததுக்குக் காரணம் சொல்லணும். உடம்பு சரியில்லன்னுதான் முக்காவாசிப் பேரு எழுதறாங்க."

வீட்டில் செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஏய்யா, உன் கணக்குல பொங்கலே மாட்டுப் பொங்கலன்னிக்குத்தான் வரும்போல! பேசாம காய்ச்சல்னு எழுது. சர்ட்டிபிகேட் வாங்கித் தர ஆளா இல்ல?"

"காய்ச்சல்னு எழுதினா, அன்னிக்கு ராத்திரி ஷிப்ட் பாத்தது கார்டுல நிக்குமே!" சொன்னவர் சட்டென்று எழுந்து நின்றார். "ஏ புள்ள! கார்டு நிக்குதுல்ல? அதத்தான் வைக்கப் போறேன்!" அன்று தூக்கமே வரவில்லை. நடந்ததை நடந்தபடியே நாலு பக்கம் எழுதி, மறுநாளே மனுவைப் போட்டார். மறுநாள் என்றால் ஊர்க் கணக்குப்படி மறுநாள்.

மனு விசாரணைக்கு வந்த அன்று செங்கமலமும் கூட வந்தாள். தேதியை அவளே நாலு பேரிடம் கேட்டு உறுதி செய்திருந்தாள். இன்றைக்கு மனு போனால் சந்தும் போனதுதான், இனி ஆயுசுக்கும் வாய்க்கால் கரைதான் என்பது இருவருக்கும் தெரியும். முதல் கூப்பாட்டுக்கே கொளஞ்சிநாதன், "இருக்கேங்கம்மா!" என்று போட்ட சத்தத்தில் ஜன்னலோரம் இருந்த புறா பறந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "ஊருக்கெல்லாம் ஒரு தேதி, இவருக்கு மட்டும் தனித் தேதியா அம்மா? இதெல்லாம் ஒரு காரணமா?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மாள் கொளஞ்சிநாதனைப் பார்த்தார். பெல்ட்டடியில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட அவர் நாக்குக்கு வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"எனக்கு மட்டும் இல்லீங்கம்மா. ராத்திரி வேல செய்யற அத்தினி பேருக்கும் காலைல ஆறு மணிக்குத்தாங்க தேதி மாறும்."

சிரிப்பு நின்றது. நீதிபதி மஸ்டர் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வக்கீலுக்குப் பின்னால் நின்ற சிங்காரவேலை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எங்க வேலை பார்த்தீங்க?"

"மைன்ஸ்லதாங்கம்மா. முப்பத்தோரு வருஷம்."

"சி ஷிப்ட் பார்த்திருக்கீங்களா?"

"நெறயங்கம்மா."

"பதினெட்டாம் தேதி சி ஷிப்ட் முடிச்சுக் காலையில வீட்டுக்கு வந்தா, அன்னைக்கு என்ன தேதின்னு வீட்டுல சொல்லுவீங்க?"

வக்கீல் வேகமாகத் திரும்பித் தன் கட்சிக்காரரை முறைத்தார். செங்கமலம் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சிங்காரவேல் தன் வக்கீலைப் பார்த்தார். தொங்கவிட்டிருந்த அவருடைய வலக்கையின் கட்டைவிரல் மட்டும், அவருக்கே தெரியாமல், மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, சுரங்கத்துக் கணக்கில் ராத்திரிகளை எண்ணிக்கொண்டு போயிற்று.