அன்னாசிச் சாறு

கோர்க்கக் கோர்க்கக் கறி கம்பியிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டின் பின்னால் கரி அடுப்பு கனிந்து தயாராக இருந்தது. குடைமிளகாய், வெங்காயம், அன்னாசி எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி அடுக்கியிருந்தாள். துணி வெட்டுகிற கை, பிசகுமா? பன்றிக்கறி மட்டும் விரல் பட்டாலே கூழாகிப்போனது.

அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா விசிறியும் கையுமாக அடுப்பின் முன் உட்கார்ந்துவிடுவார். வெட்டுவது அவள் வேலை. கறியை ஊறவைப்பது தம்பி வேலை. பூண்டு, மிளகு, வெல்லம் என்று என்னவோ கலப்பான். யாரையும் கிட்டே விடமாட்டான். முதல் கம்பி யாருக்கு என்று இரண்டு பேருக்கும் அடிதடியே நடக்கும். அதற்குள் அப்பா சத்தமில்லாமல் அதைத் தின்று முடித்திருப்பார். என்ன நாட்கள் அவை.

அப்பாவை அடக்கம் செய்து முடித்த பிறகு வந்து நின்ற தம்பியை, பத்துப் பேர் முன்னால், "இப்ப எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டாள். பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் லாரியில் வந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு வருஷம் பேச்சில்லை. முந்தாநாள் அவன் மனைவி போன் செய்து, "ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வர்றாரு அண்ணி, வீட்டுக்கும் வருவாரு" என்றாள். ஒரு தரம் அக்கா என்று கூப்பிட்டால் போதும்; இத்தனை பாடும் அதற்குத்தான். ஆனால் கறியில் என்ன சேர்ப்பாய் என்று அவனைக் கேட்க வாய் வரவில்லை. நாக்கின் நினைவை நம்பி, நேற்றே அன்னாசிச் சாற்றைக் கறியில் ஊற்றிவைத்துவிட்டாள்.

தம்பி வந்தான். முன்வழுக்கை விழுந்திருந்தது. நலம்கூட விசாரிக்காமல் தட்டைத்தான் பார்த்தான்.

"சாறு எப்ப ஊத்தினே?"

"நேத்தே."

"அது கறியக் கரைச்சிரும். அடுப்புல வைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ஊத்தணும். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சமையலறையிலிருந்து இரும்புச் சட்டியைத் தேடி எடுத்துவந்து கரிமேல் வைத்தான். கறியை வழித்துப் போட்டதும் சுர்ரென்றது. அதே வாசனை. அவள் வெங்காயமும் அன்னாசியும் மட்டும் கோர்த்த கம்பிகளைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"கம்பியத் திருப்புக்கா, கருகுது" என்றான், தலை நிமிராமல்.

அவள் திருப்பவில்லை. அன்னாசியின் ஓரங்கள் கறுத்துச் சுருங்க, சாறு சொட்டுச் சொட்டாகக் கரியில் விழுந்து பொரிந்துகொண்டிருந்தது.